கருவிகளைத் தாமே செய்த அறிவியலாளர்

ஜகதீச சந்திர போஸ் 1858ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். இங்கிலாந்தில் கல்வி பயின்று, 1885இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியப் பேராசிரியர்களைவிடக் குறைந்த ஊதியமே அவருக்கு அளிக்கப்பட்டது. அதனைப் பெற மறுத்து, மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். பின்னர் முழு ஊதியமும் கிடைத்தது.

அக்கல்லூரியில் அவருக்குத் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. ஆயினும் அவர் சோர்வடையவில்லை. சிறிய அறையொன்றில், தகரவேலை செய்யும் தொழிலாளி ஒருவரின் துணையுடன் கருவிகளைத் தாமே உருவாக்கினார். ஐந்து மில்லிமீட்டர் வரை குறுகிய மின்காந்த அலைகளை எழுப்பவும் உணரவும் அவை பயன்பட்டன. அலைகளின் அதிர்வுத் திசையைச் சோதிக்க, இரயில் கால அட்டவணை நூலின் தாள்களுக்கு இடையே மெல்லிய உலோகத் தாள்களை வைத்தார். அத்திசையைத் திருப்ப, முறுக்கிய சணல் இழைகளைக் கையாண்டார்.

1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கம்பியின்றி அலைகளைச் சுவர்களின் ஊடே செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1917இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவினார், 1937இல் மறைந்தார்.

பல்லாண்டுகளுக்குப் பின், நாம் வாழும் பெங்களூரு நகரின் இராமன் ஆராய்ச்சி நிலையத்தில், விண்ணிலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளை ஆராயத் தொலைநோக்கி அமைக்கப்பட்டது. அவ்வலைகளைச் சணலும் தகரமும் கொண்டு முன்னரே ஆராய்ந்தவர் போஸ்.