சிறு குரலுக்குப் பெரும் பலம் தந்தவர்

தேனி மாவட்டம் ஓடைப்பட்டியில் திருவிழா என்றால் ஒலிபெருக்கி இல்லாமல் முடியாது. மைக்கின் முன் ஒருவர் மெதுவாகப் பேசினாலும், திராட்சைத் தோட்டங்கள் வரை கேட்கிறது. சிறு குரலுக்கு இத்தனை பலம் எங்கிருந்து வந்தது?

இதற்கு வழி கண்டவர் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

அவர் 1873-ம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பாதிரியார். கறுப்பின மாணவர்கள் படித்த கல்லூரிக்கு அவர் தலைவரானார். அதனால் ஊரிலிருந்த வெள்ளையர்கள் அந்தக் குடும்பத்தை ஒதுக்கி வைத்தார்கள். மகனும் பாதிரியாராக வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். மகனோ விஞ்ஞானம் படித்து, 1899-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் பிளெமிங் என்ற ஆங்கிலேயர் செய்த வால்வு ஒன்று இருந்தது. கண்ணாடிக் குமிழுக்குள் சூடான இழையிலிருந்து எதிரே உள்ள தகட்டுக்கு மின்சாரம் பாயும். 1906-ல் டி பாரஸ்ட் இரண்டுக்கும் நடுவே ஒரு வளைந்த கம்பியை வைத்தார். அதுதான் அதிசயம் செய்தது!

கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளுக்கு மதகு தெரியும். பலகையைச் சற்றுத் தூக்கினால் தண்ணீர் பெருகும், இறக்கினால் குறையும். தண்ணீரின் வேகம் தூக்கியவர் கையிலிருந்து வந்ததல்ல. கை கட்டளையிடுகிறது, அவ்வளவுதான்.

நடுக்கம்பியும் ஒரு மதகே. மைக்கிலிருந்து வரும் மெல்லிய மின்சாரம் அந்தக் கம்பியை அடைகிறது. அது ஏறி இறங்குவதற்கு ஏற்ப, பாட்டரியின் பெரிய மின்சாரமும் கூடிக் குறைகிறது. குரல் அதேதான். பலம் பாட்டரியுடையது.

ஆனால் அவருக்குக் கிடைத்த பரிசு என்ன தெரியுமா? கைது!

அட்லாண்டிக் கடல் தாண்டிக் குரலை அனுப்பலாம் என்று பொய் சொல்லிப் பங்குகளை விற்றதாக, அவர் மீதும் கூட்டாளிகள் மீதும் 1913-ல் வழக்கு நடந்தது. அவருடைய குமிழ் எதற்கும் உதவாதது என்று அரசு வக்கீல் ஏளனம் செய்தார். கூட்டாளிகளில் சிலர் தண்டனை பெற்றார்கள். டி பாரஸ்ட் விடுதலையானார்.

அதற்குள் வேறு விஞ்ஞானிகள், குமிழில் மிஞ்சிய காற்றையும் அகற்றி அதைச் செம்மைப்படுத்தினார்கள். 1915-ல் நியூயார்க்கும் சான்பிரான்சிஸ்கோவும் டெலிபோனில் பேசின. அதே ஆண்டு, அமெரிக்காவிலிருந்து பேசிய குரல் அட்லாண்டிக் கடலைத் தாண்டிப் பாரிஸ் நகரின் ஈபிள் கோபுரத்தில் கேட்டது!

பொய் என்றார்களே, அது இரண்டே ஆண்டுகளில் மெய்யாயிற்று.

பல வழக்குகளில் பணத்தை இழந்த டி பாரஸ்ட், 1961-ல் காலமானபோது வங்கியில் இருந்தது சுமார் 1,250 டாலர்தான்.

1947-ல் பிறந்த டிரான்சிஸ்டர், பிற்பாடு வால்வின் இடத்தைப் பிடித்தது. இன்று நம் கைப்பேசிக்குள்ளும் அதுதான் இருக்கிறது. ஆனால் சிறியது பெரியதை நடத்தும் அந்த மதகு வித்தை மட்டும் மாறவில்லை.