எந்தக் கரை என்று கேட்டவர்

ஓஸ்டர்முண்டிகனில் நம்மவர் வீட்டு யன்னலோரங்களில் கறிவேப்பிலை பூச்சாடியில் வளர்கிறது. ஊரில் அதன் இலையை அரித்துத் தின்ற பச்சைப் புழுவை இங்கு காண்பதற்கில்லை. அப்புழு உருமாறி வரும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவரான அல்பிரட் ரசல் வலஸ் அவர்களை இன்று நினைவுகூர்கிறோம்.

1823இல் வேல்ஸ் நாட்டில் பிறந்த வலஸ், வறுமை காரணமாக 14 வயதில் பள்ளியை விட்டுக் காணி அளக்கும் தொழிலுக்குச் சென்றார். 1848இல் நண்பர் பேட்ஸுடன் அமேசன் காடுகளை அடைந்தார். பின்னர் அங்கு வந்துசேர்ந்த தம்பி மஞ்சட்காய்ச்சலுக்குப் பலியானார். 1852இல் திரும்பும் வழியில் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியது. உடன் கொண்டுவந்த சேகரிப்பு எரிந்துபோக, பத்து நாட்கள் திறந்த படகில் மிதந்து உயிர்தப்பினார். உடைமையை ஒரே நாளில் இழப்பது எத்தகையது என்பதை எம் வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாண்டின் இறுதியிலேயே இலண்டனில் அமேசன் குரங்குகள் பற்றிய கட்டுரையொன்றைப் படித்தார். பேராற்றின் ஒரு கரையில் வாழும் குரங்கினம் பலவேளைகளில் மறுகரையில் இல்லை. அதற்கு நெருங்கிய வேறோர் இனமே அங்குண்டு. அவ்வூர் வேடர் இதனை முன்னரே அறிந்திருந்தனர். சேகரிப்போரோ ஆற்றின் பெயரை எழுதிவிட்டு, எந்தக் கரை என்பதைக் குறிக்காது விட்டனர். வலஸ் இதனைப் பெருங்குறையாகக் கண்டார். (ஊரைக் கேட்டதோடு நில்லாது குறிச்சியையும் கேட்கும் நம் பெரியவர்களுக்கு இது புதுமையன்று.) ஆறோ மலையோ பிரித்துவிட்ட கூட்டங்களிடையே கலப்பு நின்றுபோவதால், தலைமுறைதோறும் அவற்றின் பரம்பரையலகுகள் விலகிச் செல்கின்றன என்பதை இன்றைய விஞ்ஞானம் அறியும்.

1854 முதல் 1862 வரை மலாயத் தீவுகளில் அலைந்தார். இயற்கைத் தேர்வு பற்றி அங்கிருந்து அவர் எழுதியனுப்பிய கட்டுரை, 1858இல் டார்வினின் எழுத்துகளுடன் சேர்த்து வாசிக்கப்பட்டது. புகழ் டார்வினையே சேர்ந்தது. வலஸ் அதற்காக மனம் கசந்தவரல்லர்.

நம் கறிவேப்பிலை வண்ணத்துப்பூச்சிக்கு வருவோம். அதன் ஆண் ஒரே தோற்றமுடையது. பெண்ணோ பல தோற்றங்களில் பிறக்கிறது. இவை வெவ்வேறு இனங்கள் அல்ல, ஓரினத்தின் பெண்களே என 1865இல் வெளியான ஆய்வில் வலஸ் எடுத்துக்காட்டினார். ஆடுதின்னாப்பாளையைத் தின்று வளர்ந்து நஞ்சேறிய செவ்வுடல் வண்ணத்துப்பூச்சிகளைப் பறவைகள் தீண்டுவதில்லை. அவற்றைப்போலச் சிறகு பெற்ற பெண்களும் அதனால் தப்புகின்றன. சிறகில் செம்புள்ளி இருந்தாலும் உடல் மட்டும் கறுப்பாகவே இருக்கும். கூர்ந்து நோக்குவோர் வேறுபாட்டைக் கண்டுகொள்ளலாம். நஞ்சுடைய இனங்களுள் ஒன்று பெரும்பாலும் இந்தியாவிலும் இலங்கையிலுமே வாழ்வதால், அதனை ஒத்த பெண்ணையும் நம் பக்கத்திலேயே காணலாம். மலாயத் தீவுகளில் அந்த வடிவம் இல்லை. அயலில் யார் வாழ்கிறார் என்பது ஓரினத்தின் உடலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. இத்தனை தோற்றங்களையும் ஆள்வது ஒரேயொரு பரம்பரையலகு என்பது 2014இல் கண்டறியப்பட்டது.

1896இல் டாவோஸ் நகருக்கு வந்து உரையாற்றிச் சென்ற வலஸ், 1913 நவம்பர் 7ஆம் நாள் இங்கிலாந்தில் தமது 90ஆவது வயதில் காலமானார்.