அலெக்ஸாண்டர் பெயின்

சொல்லை அறிதல் ஒன்று. சொல்லைக் கோத்தல் பிறிதொன்று. பல்லாயிரம் ஆங்கிலச் சொற்களைப் பொருளுடன் மனத்தகத்தே சேமித்து வைத்திருக்கும் மாணவனும், ஒரு பக்க அளவு கட்டுரை வரையப் புகுங்கால் இடர்ப்படுவதைக் காண்கிறோம். அவன் எழுதும் வாக்கியங்கள் தனித்தனியே நோக்குமிடத்துப் பிழையற்றனவாய் இருக்கும். ஆயினும் சேர்த்துப் படிக்குமிடத்து, நாரறுந்த மாலையின் மலர்களென அவை சிதறிக் கிடக்கும். முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள உறவு யாதென்பது படிப்போனுக்கு விளங்குவதில்லை. இக்குறையை ஆராய்ந்து, ஆங்கில உரைநடையில் வாக்கியத்தோடு வாக்கியம் இணையும் நெறியை முறைப்படுத்தி உரைத்த முன்னோடிகளுள் ஒருவர் ஸ்காத்லாந்து நாட்டுப் பேரறிஞர் அலெக்ஸாண்டர் பெயின். உளநூல் வல்லுநர் என்றும் அளவைநூற் பேராசிரியர் என்றும் உலகம் அவரைப் போற்றும். கட்டுரை பயிலும் மாணாக்கராகிய நமக்கோ அவர் மற்றொரு வகையாலும் உரிமையுடையவர். அவர்தம் வாழ்க்கையை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

ஸ்காத்லாந்தின் வடகிழக்கே கடற்கரையில் அமைந்தது அபர்டீன் நகரம். கருங்கல்லினாற் கட்டப்பெற்ற மாளிகைகளுக்குப் பெயர்பெற்ற அந்நகரில், 1818-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள் பெயின் பிறந்தார். தந்தையார் ஜார்ஜ் பெயின் முன்னர்ப் போர்வீரராய் இருந்து, பின்னர்க் கைத்தறி நெசவை மேற்கொண்டவர். சமயக் கட்டுப்பாட்டில் மிக்க உறுதி பூண்டவர். அக்காலம் கைத்தறியாளர்க்கு நற்காலமன்று. நீராவியால் இயங்கும் தறிகள் பெருகப் பெருக, கையால் நெய்வோர் பெற்ற கூலி ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வந்தது. ஆதலின் பதினொன்றாம் வயதிலேயே சிறுவர் பெயின் பள்ளியை விட்டு நீங்கிப் பொருளீட்ட வேண்டியவரானார். அவரும் தறியில் அமர்ந்தார்.

தறியில் அமர்ந்த சிறுவர் ஏட்டை மறந்தாரல்லர். பகலில் உழைத்து, மாலைப்பொழுதில் தொழிலாளர் கல்விக் கழகத்தில் நிகழ்ந்த சொற்பொழிவுகளைக் கேட்டார். நகரத்து நூல்நிலையத்தில் கிடைத்த நூல்களைக் கற்றார். கணிதத்தைப் பெரும்பாலும் தாமே முயன்று பயின்றார். இவ்வாறு ஏழாண்டுகள் கழிந்தபின், 1836-ஆம் ஆண்டில் அபர்டீன் மாரிஷல் கல்லூரியில் மாணவராகச் சேர்ந்தார். கணிதம், இயற்கைநூல், வேதிநூல் ஆகியவற்றில் அவர் கருத்து ஊன்றி நின்றது. 1840-ஆம் ஆண்டில் உயர்ந்த சிறப்புடன் பட்டம் எய்தினார்.

அவ்வாண்டிலேயே லண்டனில் வெளிவந்த வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ என்னும் இதழுக்குக் கட்டுரை எழுதலானார். அதன் வாயிலாக ஜான் ஸ்டூவர்ட் மில் என்னும் பேரறிஞரின் நட்பு அவருக்கு வாய்த்தது. மில் அப்பொழுது தம் அளவைநூலை இயற்றிக்கொண்டிருந்தார். 1842-ஆம் ஆண்டில் அதன் கையெழுத்துப் படியைப் பெயின் முழுவதும் படித்துத் திருத்தங்கள் கூறியதோடு, அறிவியலிலிருந்து எடுத்துக்காட்டுக்கள் பலவும் திரட்டி உதவினார். அந்நூல் 1843-இல் வெளிவந்தது. காரணமும் காரியமும் எவ்வாறு பிணைந்துள்ளன, ஒரு கூற்றிலிருந்து மற்றொரு கூற்றை எப்பொழுது பெறலாம், எப்பொழுது பெறலாகாது என்னும் ஆராய்ச்சியே அந்நூலின் உயிர்நிலை. ஆங்கிலத்தில் தேர்போர் என்னும் ஒரு சிறு சொல்லைத் தகுதியுடன் வழங்குவதற்கு எவ்வளவு ஆராய்ச்சி வேண்டும் என்பதை இளம்பருவத்திலேயே அவர் கண்டுகொண்டிருப்பார் என யாம் கருதுகிறோம்.

இத்துணை ஆற்றல் உடையவர்க்கும் நிலையான பேராசிரியப் பதவி எளிதிற் கிட்டவில்லை. 1845-ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து ஆண்டர்ஸன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராய் அமர்ந்தார். ஓராண்டில் அதனை விடுத்தார். சமயத்துறையில் அவர் கொண்டிருந்த தனிக்கருத்துக்கள் அந்நாட்டார் பலர்க்கு உடன்பாடாகவில்லை. ஆகவே அவர் விரும்பிய பதவிகள் கைகூடாமற் போயின. 1848-இல் லண்டன் சென்று, எட்வின் சாட்விக் என்பாரின் கீழ்ப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் பணியாற்றினார். சோர்வுற்றுக் கைகட்டி இருத்தற்குரிய அவ்வாண்டுகளிலேதான் அவர்தம் பெருநூல்கள் இரண்டும் உருப்பெற்றன. புலன்களையும் அறிவையும் பற்றிய நூல் 1855-இலும், உணர்ச்சிகளையும் மனவுறுதியையும் பற்றிய நூல் 1859-இலும் வெளிவந்தன.

அந்நூல்களில் அவர் விரித்துரைத்த கொள்கை நம் பொருளுக்கு நெருங்கிய தொடர்புடையது. மனத்தில் எழும் எண்ணங்கள் ஒன்றையொன்று எவ்வாறு அழைத்து வருகின்றன என்று அவர் வினவினார். ஒருங்கே அல்லது அடுத்தடுத்து நுகரப்பட்டவை ஒன்றாகவே நினைவுக்கு வருகின்றன. ஒப்புமையுடையவை ஒன்றையொன்று நினைப்பூட்டுகின்றன. மாறுபாட்டின் வாயிலாகவும் பொருள்கள் தெளிவடைகின்றன என்று விளக்கினார். மில் முதலியோரும் இத்துறையில் உழைத்தவரே. ஆயினும் உடற்கூற்று ஆராய்ச்சியையும் இதனோடு சேர்த்து உளநூலை அறிவியலின் பக்கம் திருப்பிய பெருமை பெயினுக்கே மிகுதியும் உரியது.

1860-ஆம் ஆண்டு அவர் வாழ்க்கையில் ஒரு திருப்பம். அபர்டீனில் தனித்தனியே இயங்கிய கிங்ஸ் கல்லூரியும் மாரிஷல் கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகமாக இணைக்கப்பட்டன. அளவைநூலுக்கும் ஆங்கிலத்திற்கும் ஒருங்கே பேராசிரியராகப் பெயின் அமர்த்தப்பெற்றார். நெசவாளர் மைந்தர் தாம் பிறந்த நகரிலேயே பேராசிரியராய்த் திரும்பினார். அங்கு அவரிடம் பயில வந்த இளைஞருட் பலர் வடநாட்டுச் சிற்றூர்களினின்று வந்தவர். இல்லத்தில் ஸ்காத்து வழக்குமொழி பேசி, ஏட்டில் மட்டும் ஆங்கிலம் எழுதியவர். பேசும் மொழி வேறாகவும் எழுதும் மொழி வேறாகவும் உடையார்க்கு உள்ள இடர்ப்பாடு நமக்குப் புதிதன்று. அம்மாணவர்க்கு ஆங்கிலக் கல்வி அதுகாறும் போதிய அளவு அளிக்கப்படவில்லை என்பதைக் கண்ட பெயின், தாமே பாடநூல் இயற்றத் தொடங்கினார். 1863-இல் இலக்கணநூலும், 1866-இல் ஆங்கிலக் கட்டுரையியலும் அணியியலும் பற்றிய நூலும் வெளிப்போந்தன.

இவ்விரண்டாம் நூலிற்றான் பத்தி என்பதற்கு அவர் இலக்கணம் வகுத்தார். வாக்கியத்திற்கு இலக்கணம் கூறினார் பலர். வாக்கியங்கள் சேர்ந்தமையும் பத்தியும் ஓர் உறுப்பமைதி உடையது என்று கொண்டு, அதற்கு ஆறு விதிகளை நிரல்படக் கூறியவர் பெயின். முந்திய வாக்கியத்தோடு ஒவ்வொரு வாக்கியத்திற்கும் உள்ள தொடர்பு ஐயமறத் தெரிதல் வேண்டும் என்பது முதல் விதி. ஒரே கருத்தைத் தொடர்ந்து விளக்கும் வாக்கியங்கள் இயன்றவரை ஒத்த அமைப்பினவாக இருத்தல் வேண்டும் என்பது இரண்டாவது. தொடக்க வாக்கியம் பத்தியின் பொருளைக் குறித்தல் வேண்டும். செய்திகள் முறை பிறழாது செல்லுதல் வேண்டும். பத்தி ஒரே நோக்கமுடையதாதல் வேண்டும். தலைமையானதும் சார்பானதும் தத்தம் அளவில் நிற்றல் வேண்டும் என்பன ஏனைய நான்கு. இணைப்பைப் பற்றிய விதியே ஆறனுள் முதலிடம் பெற்றமை கருதத்தக்கது.

அம்முதல் விதியின்கீழ் இணைப்புச் சொற்களை அவர் இனம் பிரித்துக் காட்டினார். ஆண்டு, ஆல்ஸோ, மோரோவர் முதலியன முன்னதனோடு பின்னதைக் கூட்டுவன. பட், ஹௌவெவர், நெவர்தலெஸ் முதலியன முன்னதற்கு மாறுபட்டதைக் கொணர்வன. தேர்போர், தஸ், அக்கார்டிங்லி முதலியன முன்னதினின்று விளைந்த முடிபைக் காட்டுவன. இவையன்றி, முன் வந்த சொல்லையோ கருத்தையோ மீண்டும் எடுத்தாளுதலாலும், சுட்டுச் சொற்களாலும் வாக்கியங்கள் பிணைக்கப்படலாம் என்றும் அவர் உரைத்தார்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒருவன் வறியவன் என்பது ஒரு வாக்கியம். அவன் கற்றான் என்பது மற்றொன்று. இடையே எதுவும் இன்றி நிற்குமாயின், எழுதினோன் கருத்து இன்னதென்று துணிய இயலாது. எனினும் என்ற சொல்லை இடையிலிட்டால், வறுமை கல்விக்குத் தடை என்றும் அத்தடையை அவன் வென்றான் என்றும் பொருள்படும். ஆதலின் என்பதை இட்டால், வறுமையே அவனைக் கல்வியின்பால் செலுத்தியது என்றாகும். மேலும் என்பதை இட்டாலோ, இரண்டும் அவனைப் பற்றிய இருவேறு செய்திகளாய் நிற்கும். நிகழ்ச்சிகள் இரண்டும் மாறவில்லை. இடைநின்ற ஒரு சொல் மாறியதால் உலகைப் பற்றிய நம் தீர்ப்பே மாறிவிட்டது. எனவே இணைப்புச் சொல் வாக்கியத்திற்கு அணிகலன் அன்று. அஃது எழுதுவோன் அளிக்கும் ஒரு வாக்குமூலம். காரணம் இல்லாவிடத்து ஆதலின் என்று எழுதுவோன் நடையில் மட்டுமன்று, மெய்ம்மையிலும் வழுவியவனாவான்.

இனி, ஒவ்வொரு வாக்கியத்தின் முகப்பிலும் இணைப்புச் சொல் ஒன்றை ஏற்றுதல் வேண்டும் என்று பெயின் விதித்தாரல்லர். முன்னதையே பின்னது விரித்துரைக்குமாயின், உறவு தானே விளங்குதலின் அங்கே தனிச்சொல் வேண்டா. நெய்தவன் பிள்ளைக்கு இதனை உணர்தல் அரிதாயிராது. பாவும் ஊடையும் செம்மையாக இயைந்த ஆடையில் முடிச்சுக்கள் மேலே துருத்தி நிற்பதில்லை. இழை அறுந்த இடத்திலன்றோ முடிச்சு வேண்டும்? இழைக்கும் ஏட்டுக்கும் நூல் என்னும் ஒரே பெயரை வழங்கும் நம் மொழியில், பஞ்சினின்று நூல் நூற்றலை நூலியற்றலுக்கு உவமையாக்கினார் நன்னூலாசிரியர். தறியையும் ஏட்டையும் ஒருங்கே அறிந்த பெயினின் வாழ்க்கைக்கு அவ்வுவமை பெரிதும் பொருந்துவதாகும்.

பெயினின் தொண்டு கட்டுரைநூலோடு நின்றதில்லை. 1870-இல் அளவைநூலும், 1879-இல் கல்வியை ஓர் அறிவியலாக ஆராயும் நூலும் வெளியிட்டார். மைண்ட் என்னும் மெய்ப்பொருள் ஆராய்ச்சி இதழைத் தம் பொருட்செலவில் 1876-இல் தொடங்குவித்து, தம் மாணவர் கிரூம் ராபர்ட்ஸனை அதன் ஆசிரியராக்கினார். 1880-இல் பேராசிரியப் பதவியினின்று ஓய்வு பெற்றார். அதன்பின் மாணவரே தேர்ந்தெடுக்கும் லார்டு ரெக்டர் என்னும் சிறப்புப் பதவி இருமுறை அவரை நாடி வந்தது. கட்டுரைநூலையும் அவர் மறந்திலர். அதனை விரிவாக்கி 1887, 1888-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்டார். பத்தியைப் பற்றிய அவர் விதிகள் அமெரிக்கக் கல்லூரிகளிலும் பரவிப் பாடநூல்கள் பலவற்றிற்கு அடிப்படையாயின.

அவ்விதிகளைக் குறைகூறினாரும் உளர். தேர்ந்த எழுத்தாளர் பலர் பத்தியின் பொருளைத் தொடக்க வாக்கியத்தில் வைப்பதில்லை என்று 20-ஆம் நூற்றாண்டு ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். விதியை அச்சாகக் கொண்டு எழுத்தை வார்த்தால் உயிரற்ற நடையே விளையும் என்றும் உரைத்தனர். அவர் கூற்றில் உண்மை உண்டு. ஆயினும் முதல் விதியின் உட்கருத்தை எவரும் வீழ்த்தினாரல்லர். படிப்போன் வழி தவறாதிருத்தல் வேண்டும் என்பதும், அவனுக்கு வழிகாட்டுதல் எழுதுவோன் கடன் என்பதுமே அக்கருத்தாகும்.

1903-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 18-ஆம் நாள், எண்பத்தைந்தாம் வயதில், பெயின் அபர்டீனிலேயே உயிர் நீத்தார். தம் கல்லறைமீது கல் நாட்டுதல் வேண்டா, தம் நூல்களே தமக்கு நினைவுச்சின்னமாகும் என்பது அவர் இறுதி விருப்பம் என்பர். கருங்கல் மலிந்த நகரத்தில் பிறந்தவர் ஒரு கல்லையும் வேண்டாது ஏட்டையே நம்பிச் சென்றார். அவர் பெருநூல்களை இன்று எடுத்துப் படிப்போர் சிலரே. ஆயினும் ஒரு வாக்கியத்தை எழுதி முடித்து, அடுத்ததைத் தொடங்குமுன், இஃது அதனோடு எவ்வாறு பொருந்தும் என்று நம்மை நாமே வினவும்போதெல்லாம் அவரிடம் பாடம் கேட்பவராகிறோம். அவ்வினாவுக்கு உண்மையான விடை கண்டபின் எழுதுவோமாயின், தக்க இணைப்புச் சொல் நம் கைக்குத் தானே வந்தெய்தும்.