நடராஜரை உலகுக்கு விளக்கிய ஆனந்த குமாரசுவாமி, நொடியில் மறையும் அணுக்கள்: ஒரு கறுப்புக் கல்லின் கதை

ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் நடராஜர் சிலை நிற்கும் படம் வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றி வரும். பார்த்திருப்பீங்க. இரண்டு மீட்டர் உயரம். இந்திய அரசு பரிசாகக் கொடுத்தது. 2004 ஜூன் 18 அன்று திறந்து வைத்தாங்க. சிலைக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் நடராஜரின் ஆட்டத்துக்கு விளக்கம் சொன்ன ஒருவரின் பெயர் இருக்கிறது: ஆனந்த குமாரசுவாமி.

திருநெல்வேலிக்காரர்களுக்கு நடராஜர் புதுசு இல்லை. ஐந்து சபைகளில் ஒன்றான தாமிர சபை நெல்லையப்பர் கோயிலில்தான் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் ராஜவல்லிபுரம் செப்பறையில் அழகிய கூத்தர் இருக்கிறார். இந்த ஆட்டத்தின் பொருளை மேற்குலகத்துக்கு எடுத்துச் சொன்ன கலை அறிஞராகத்தான் குமாரசுவாமியை நமக்குத் தெரியும்.

ஆனால் அவர் படித்தது கலை இல்லை, பாறை. மாட்டு வண்டியில் இலங்கை மலைகளைச் சுற்றிய நிலவியலாளராகத்தான் அவர் வேலையைத் தொடங்கினார். அந்த நாள்களில் அவர் கைக்கு வந்த ஒரு கறுப்புக் கல், செர்னில் இன்று நடக்கும் ஓர் ஆய்வுக்கான பாதையில் முக்கியமான ஒரு படி. அது எப்படின்னு பார்க்கலாம்.

யார் இந்த ஆனந்த குமாரசுவாமி?

1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்தார். அப்பா சர் முத்து குமாரசுவாமி, இலங்கைத் தமிழர். சட்டசபை உறுப்பினர், லண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். அரிச்சந்திரன் கதையைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர். இலங்கை அரசியலில் பெரிய பெயர்களான பொன்னம்பலம் ராமநாதனும் அருணாசலமும் இவருக்கு அக்கா, தங்கை வழி மருமகன்கள். அம்மா எலிசபெத், இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர். அதனால்தான் மகனின் முழுப் பெயரில் 'கென்டிஷ்' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது.

1879-ல் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்து போனார். பின்னாலேயே கப்பல் ஏற வேண்டிய அப்பா, போகாமலே இறந்துபோனார். அதனால் தமிழ்த் தகப்பனுக்குப் பிறந்த பையன் முழுக்க ஆங்கிலேயச் சூழலில் வளர்ந்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நிலவியலும் தாவரவியலும் படித்து 1900-ல் பட்டம் வாங்கினார். இலங்கைப் பாறைகளையும் அங்கே கிடைக்கும் கிராஃபைட்டையும் பற்றி அந்த வருஷமே கட்டுரை எழுதிவிட்டார். பிறந்த ஊரைப் பாறை வழியாகத்தான் அவர் முதலில் தேடிப் போனார் என்று சொல்லலாம்.

1903-ல் இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை ஏற்றார். வயது 25. கூடவே மனைவி எத்தல். அவர் கையில் கேமரா. மலைநாட்டுக் கிராமங்கள் வழியே மாட்டு வண்டிப் பயணம்.

அந்தக் கறுப்புக் கல் என்ன?

இரத்தினபுரி, பலாங்கொடை பக்கம் மாணிக்கக் கல் தேடுபவர்கள் ஆற்றுச் சரளையைக் கூடையில் அள்ளி நீரில் சுழற்றி அரிப்பார்கள். லேசான மண் போய்விடும், கனமானவை கூடையின் அடியில் தங்கும். அப்படித் தங்கியவற்றில் சின்னச் சின்னக் கறுப்புக் கனசதுரங்களும் இருந்தன. இரும்பைவிடக் கனம். நகைக்கு ஆகாது.

1904-ல் குமாரசுவாமி இதை யுரேனைட், அதாவது யுரேனியம் தாது என்று நினைத்தார். மாதிரிகள் லண்டன் இம்பீரியல் இன்ஸ்டிடியூட்டுக்குப் போயின. அங்கே விண்டம் டன்ஸ்டன் என்ற வேதியியலாளர் சோதித்துப் பார்த்தபோது, கல்லில் பெரும்பங்கு தோரியம் ஆக்சைடு என்று தெரிந்தது. புதுக் கனிமம். 'தோரியனைட்' என்று பெயர் வைத்தார்கள்.

ஆக, குமாரசுவாமி ஊகித்தது சரியில்லை. ஆனால் கூடையின் அடியில் கிடந்த கல்லை ஒன்றுக்கும் ஆகாதது என்று தள்ளாமல் முறையாகப் பதிவு செய்து சோதனைக்கு அனுப்பும் ஒரு துறை இருந்ததால்தான் அது வெளியே வந்தது.

இது நெல்லைக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. இலங்கை மலைநாட்டுப் பாறைகளும் நம்ம பக்கத்து மேற்குத் தொடர்ச்சி மலைப் பாறைகளும் ஒரே வகையறா. 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டும் ஒரே நிலப்பரப்பாக இருந்தன. இந்தப் பாறைகள் தேய்ந்து ஆறுகள் வழியே கடலுக்குப் போனதுதான் தென்கோடிக் கடற்கரையின் கனிம மணல். அதில் இருக்கும் மோனசைட்டிலும் தோரியம் உண்டு, ஆனால் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். தோரியனைட்டில் அது பாதிக்கும் மேல். இலங்கைக்கே 'தம்பபண்ணி' என்ற பழைய பெயர் இருந்ததும், அது தாமிரபரணி என்ற பெயரோடு சேர்த்துப் பேசப்படுவதும் வரலாற்று மாணவர்களுக்குத் தெரிந்ததுதான்.

லண்டன் போன கல் என்ன செய்தது?

குமாரசுவாமி படித்த அதே யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் ராம்சே என்ற வேதியியல் பேராசிரியர் இருந்தார். 1904 இலையுதிர் காலத்தில் ஜெர்மனியிலிருந்து ஓர் இளைஞர் அவரிடம் வந்து சேர்ந்தார். பெயர் ஓட்டோ ஹான். ஆங்கிலம் பழகிவிட்டு ஊருக்குத் திரும்பி ஏதாவது கெமிக்கல் கம்பெனியில் சேர்வதுதான் அவர் திட்டம். ராம்சே அவர் கையில் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து எடுத்த உப்பைக் கொடுத்து, ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார்.

பிரித்துக்கொண்டே போனபோது, தோரியத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் கதிர்வீசும் இன்னொரு பொருள் கிடைத்தது. 1905-ல் அதற்கு ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார் ஹான். கம்பெனி வேலைத் திட்டம் அதோடு போச்சு. அதே ஹான்தான் 1938 கடைசியில் ஸ்ட்ராஸ்மனுடன் சேர்ந்து யுரேனியம் அணுக்கரு பிளப்பதைக் கண்டுபிடித்தவர்.

ரேடியோதோரியத்தில் ஒரு சிக்கல் இருந்தது. அதைத் தோரியத்தோடு கலந்துவிட்டால், எந்த வேதியியல் முறையிலும் மறுபடி பிரிக்க முடியவில்லை. கதிர்வீச்சில் இரண்டும் வேறு. தோரியத்தில் பாதி அழிய சுமார் 1,400 கோடி ஆண்டு ஆகும், ரேடியோதோரியத்துக்கு இரண்டு ஆண்டுகூட வேண்டாம். ஆனால் வேதியியல் குணம் ஒன்றே. இது எப்படி?

விடை சொன்னவர் பிரடெரிக் சாடி. ஒரே தனிமத்துக்கு வேறு வேறு எடையுள்ள அணுக்கள் இருக்கலாம் என்றார். 1913-ல் அவற்றுக்கு ஐசோடோப் என்ற பெயர் வந்தது. இதற்கு அவர் தேடிய ஆதாரமும் இலங்கையிலிருந்துதான் கிடைத்தது. தோரியம் படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயமாக முடியும். அப்படியானால் தோரியக் கல்லில் உள்ள ஈயம் சாதாரண ஈயத்தைவிடக் கனமாக இருக்க வேண்டும். இலங்கைத் தோரைட் என்ற இன்னொரு தாதுவிலிருந்து ஈயத்தை எடுத்து 1914-ல் அளந்தார். சாதாரண ஈயத்தின் அணு எடை 207.2. இதற்கு அதைவிடக் கூடுதலாக வந்தது.

வேதியியலால் பிரிக்க முடியாததை எடையால் பிரிக்கலாம் அல்லவா? அதைத் துல்லியமாகச் செய்து காட்டியவர் பிரான்சிஸ் ஆஸ்டன். 1919-ல் அவர் செய்த நிறை நிறமாலைமானி, மின்னேற்றிய அணுக்களை மின்புலம், காந்தப்புலம் வழியே ஓடவிட்டு எடைவாரியாகப் பிரித்தது. நம்ம வீட்டில் சொளகில் புடைக்கும்போது பதர் தூரப் போகும், நெல் பக்கத்தில் விழும். இங்கே காற்றுக்குப் பதில் காந்தம்: லேசான அணு அதிகமாக வளையும், கனமானது குறைவாக வளையும்.

ஓர் ஆச்சரியமான தகவல்: ஆஸ்டன் பிறந்தது 1877 செப்டம்பர் 1. சாடி பிறந்தது செப்டம்பர் 2. குமாரசுவாமி ஆகஸ்ட் 22. மூன்று பேரும் பன்னிரண்டு நாள் இடைவெளிக்குள் பிறந்தவர்கள். சாடிக்கும் ஆஸ்டனுக்கும் பின்னாளில் நோபல் பரிசு கிடைத்தது. குமாரசுவாமியோ அதற்கு வெகுகாலம் முன்பே அறிவியலை விட்டிருந்தார்.

ஏன் விட்டார்?

கனிமம் தேடிப் போன ஊர்களில் அவர் வேறொன்றையும் பார்த்தார். கோயில் ஓவியம் எழுதுபவர், பித்தளை வேலை செய்பவர், நெசவாளர் என்று தலைமுறை தலைமுறையாக வந்த கைவினைக் குடும்பங்கள், இறக்குமதிச் சரக்குக்கு முன்னால் நிற்க முடியாமல் தொழிலை விட்டுக்கொண்டிருந்தன. தன் ஊர்ப் பொருளை மட்டமாக நினைக்கப் படித்தவர்கள் பழகியிருந்தார்கள். பாறை எங்கேயும் போகாது, இந்தக் கைகள் போய்விட்டால் திரும்ப வராது.

1905-ல் கண்டித் தலைவர்களுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றக் கேட்டுக்கொண்ட கடிதம் அது. இலங்கை சமூக சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி, தாய்மொழிக் கல்விக்காகவும் பேசினார். 1906-ல் இலங்கை நிலவியல் ஆய்வுகளுக்காக லண்டன் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தத் துறையில் மேலே போக எல்லா வாசலும் திறந்திருந்த நேரம். ஆனால் அந்த வருஷத்தோடு கனிமத் துறை வேலை முடிந்தது. பயணத்தில் சேர்த்த குறிப்புகளும் எத்தல் எடுத்த படங்களும் 1908-ல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெரிய புத்தகமாக வந்தன. கனிமத்தைப் பதிவு செய்த அதே முறை அதில் தெரியும்: என்ன பொருள், எந்த ஊர், யார் செய்கிறார்கள், எப்படிச் செய்கிறார்கள்.

1912-ல் 'சித்தாந்த தீபிகை' இதழில் சிவ நடனம் பற்றிய கட்டுரை வந்தது. திருமந்திரம் போன்ற தமிழ் நூல்களை வைத்து, படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்ற ஐந்தொழிலும் அந்த ஒரே உருவத்தில் இருப்பதை ஆங்கில வாசகர்களுக்கு விளக்கினார். 1918-ல் அது புத்தகமாகி உலகெங்கும் போனது. அதற்கு முந்தைய ஆண்டே அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சேர்ந்திருந்தார். கடைசி வரை அங்கேதான். 1947 செப்டம்பர் 9 அன்று, 70-வது வயதில் காலமானார். இந்தியா விடுதலையாகி மூன்றரை வாரம் ஆகியிருந்தது. இலங்கையின் விடுதலையை அவர் பார்க்கவில்லை.

சரி, செர்னில் என்ன நடக்கிறது?

தோரியம் ஈயமாகும் வழியில் பல அணுக்கருக்கள் வந்து போகும். தோரான் என்ற வாயுவில் பாதி 56 நொடியில் போய்விடும். பொலோனியம்-212 இன்னும் மோசம்: ஒரு நொடியை ஒரு கோடித் துண்டாக்கினால், மூன்றே துண்டு நேரத்தில் பாதி காலி. இவையாவது இயற்கையில் இருப்பவை. பூமியில் இயற்கையாக இல்லாத, செயற்கையாக உருவாக்கியதும் நொடிகளில் மறையும் அணுக்கருக்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உருவாக்கி, பிரித்து, அளப்பதற்குள் அவை செத்துவிடும்.

1951-ல் கோபன்ஹேகனில் கோஃபோட்-ஹான்சன், நீல்சன் என்ற இருவர் வழி கண்டார்கள். யுரேனியத்தைப் பிளந்ததும் வெளிவரும் கிரிப்டான் வாயுவை, இடையில் நிறுத்தாமல், குழாய் வழியே நேராக நிறைப் பிரிப்பானுக்குள் அனுப்பினார்கள். உருவாக்குவதும் பிரிப்பதும் ஒரே தொடரில். ஹான் கண்ட அணுப்பிளவும் ஆஸ்டன் காட்டிய எடைப் பிரிப்பும் அங்கே ஒன்று சேர்ந்தன.

அதே முறையில் 1967-ல் செர்னில் தொடங்கியது ஐசோல்டே நிலையம். சுமார் 2,000 டிகிரி வரை சூடாக்கிய இலக்கின் மேல் புரோட்டான்களை மோதவிட்டு, சிதறிவரும் அணுக்களை மின்னேற்றி, காந்தத்தால் பிரிக்கிறார்கள். யுரேனியத்தோடு தோரியமும் இலக்குப் பொருளாகப் பயன்பட்டிருக்கிறது. கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையத்திலும் இத்தகைய அரிய அணுக்கற்றைகளுக்கான வேலை நடக்கிறது.

இதனால் என்ன பயன்? நம்ம கழுத்தில் கிடக்கும் தங்கமும், கடற்கரை மணலில் கிடக்கும் தோரியமும் விண்மீன்களின் பெருவெடிப்புச் சூழலில், இப்படி நொடியில் மறையும் அணுக்கருக்கள் வழியாகத்தான் உருவாகியிருக்கும் என்று கணக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கைச் சரிபார்க்க, மறையும் அணுக்களின் எடையும் ஆயுளும் தெரிய வேண்டும். புற்றுநோய் கண்டறிதலுக்கும் சிகிச்சைக்கும் உதவக்கூடிய புதிய ஐசோடோப்புகளும் இதே வழியில்தான் தேடப்படுகின்றன.

குமாரசுவாமி இந்த ஆய்வு எதையும் செய்தவர் இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். அவர் செய்தது முதல் படியில் ஒரு சின்ன வேலை: கிடைத்த கல்லைக் கவனித்து, சோதனைக்கு அனுப்பியது. அந்தக் கல்லுக்கும் அவர் பெயர் இல்லை. செர்னில் அவர் பெயர் இருப்பது நடராஜருக்காக. அதே வளாகத்தின் இன்னொரு கட்டடத்தில், ஒரு அணுக்கரு தோன்றி மறைவதற்குள் அதன் எடையை அளந்துவிட ஒரு குழு இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது.