ஓட்ட வீரர் எமில் ஸாட்டோபெக்

மாலைப்பொழுதில் விளையாட்டு மைதானத்தை நாடும் மாணவர் பலர், 10 சுற்று, 15 சுற்று என ஒரே வேகத்தில் ஓடி, நாள்தோறும் அவ்வண்ணமே செய்து, ஆண்டிறுதிப் பந்தயத்தில் பின்தங்கி வருந்துதல் நாம் கண்கூடாகக் காண்பதொன்று. உழைப்பிற் குறைவில்லாதிருந்தும் பயன் குறைவானேன்? இவ்வினாவிற்குத் தம் வாழ்க்கையையே விடையாக வைத்துச் சென்றவர் செக்கோஸ்லோவாகிய நாட்டு ஓட்ட வீரர் எமில் ஸாட்டோபெக் ஆவார். அவரது சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

அவர் 1922ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19ஆம் தேதி, மொராவியா மாகாணத்துக் கொப்ரிவ்னித்ஸே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தச்சர், மக்கள் பலர், செல்வமோ சிறிது. ஆதலின் எமில் இளம்பிராயத்திலேயே ஸ்லீன் நகரத்துப் பாட்டா பாதரட்சைத் தொழிற்சாலையில் வேலைக்கமர்ந்தார். 1941இல் அத்தொழிற்சாலையார் ஓர் ஓட்டப் பந்தயம் நடத்தி, அதில் அவரும் ஓடவேண்டுமெனக் கட்டளையிட்டனர். தமக்கு உடல்வலிமை போதாதென்று அவர் மறுத்துப் பார்த்தார். வைத்தியரோ குறையொன்றுமில்லையெனக் கூறிவிட்டார். வேண்டாவெறுப்பாய் ஓடத் தொடங்கியவர், ஓடத் தொடங்கியபின் தோற்க மனமின்றி இரண்டாமவராய் வந்து சேர்ந்தார். ஒருவர் வாழ்வின் போக்கு மாறுதற்கு எத்துணைச் சிறிய நிகழ்ச்சி போதுமென்பதை இதனால் அறிகின்றோம்.

அதன்பின் அவர் ஊர்க் கழகத்து ஓட்டக்காரருடன் கூடிப் பயிலலானார். அவர்களுள் மூத்தவராகிய யான் ஹலூசா என்பார் அவருக்கு வழிகாட்டியாய் அமைந்தார். பின்லாந்து தேசத்துப் பாவோ நுர்மியின் புகழ் அவரது உள்ளத்தை ஈர்த்தது. எனினும், கேட்டவற்றை அப்படியே பின்பற்றாது, எதையும் ஆராய்ந்து தெளிவது அவரது இயல்பு. நெடுந்தூரம் மெல்ல ஓடுவதனால் மெல்ல ஓடுதலே பழக்கமாகும். அதனைத் தாம் முன்னரே அறிவார். விரைந்து ஓடுதலையே கற்கவேண்டும் என அவர் கருதினார். ஆயின் நெடுந்தூரம் முழுவதும் விரைந்தோட எவராலும் இயலாது. ஆதலின் தூரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் விரைந்தோடி, இடையே மெல்ல ஓடி மூச்சைச் சீர்செய்துகொண்டு, மீண்டும் விரைந்தோடினார். இதுவே இடைவெளிப் பயிற்சி எனப்படுவது.

இம்முறை அவர் ஒருவரே கண்டதன்று. ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்னும் பயிற்சியாளரும் ரைண்டல் என்னும் இருதய வைத்தியரும் இதனை ஆராய்ந்து வந்தனர். விரைந்தோடிய பின் நாடித்துடிப்பு நிமிஷத்திற்கு 180 அளவில் இருக்கும். 90 வினாடிக்குள் அது 120க்கு இறங்கினால் மறுபடி ஓடலாம். இறங்காவிடின் ஓடிய வேகம் மிகையென்றறிந்து குறைத்தல் வேண்டும் என்பது அவர்கள் வகுத்த விதி. ஸாட்டோபெக்கின் சிறப்போ, இம்முறையை எவரும் எண்ணிப்பாராத அளவிற்கு வளர்த்தமையே. முதலில் 200 மீட்டர் 5 முறை, பின்பு 400 மீட்டர் 20 முறை, மீண்டும் 200 மீட்டர் 5 முறை என ஓடினார். ஒவ்வோர் ஓட்டத்திற்கும் இடையே 200 மீட்டர் மெல்ல ஓடினார். ஆண்டுகள் செல்லச் செல்ல இருபது நாற்பதாயிற்று; ஒரு காலத்தில் ஒரே நாளில் 100 முறையும் ஓடினார். பனி படர்ந்த காட்டுப்பாதையிலும், கனத்த இராணுவப் பாதரட்சை அணிந்தும் அவரது பயிற்சி நடந்தது.

அவரது ஓட்டம் கண்ணுக்கினியதன்று. தலை ஒருபுறம் சாயும். முகம் வேதனையுற்றவர் முகம்போற் கோணும். கண்டோர் இவர் இன்னே வீழ்வாரென்று அஞ்சுவர். வீழ்ந்தவர்களோ அவரைத் துரத்தியவர்களே!

1946இல் ஆஸ்லோ நகரத்து ஐரோப்பியப் போட்டியில் ஐந்தாமவராய் வந்த அவர், 1948இல் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்தில் 10,000 மீட்டரை 29 நிமிஷம் 59.6 வினாடியில் ஓடித் தங்கப்பதக்கம் பெற்றார். அதே விழாவில் 5,000 மீட்டர் பந்தயத்தில் பெல்ஜியத்து ரைஃப் என்பாருக்கு வெகுதூரம் பின்தங்கியிருந்தும், இறுதிச் சுற்றில் பாய்ந்து வந்து, ஒரு வினாடியின் பத்தில் இரண்டு பங்கில் வெற்றியை இழந்தார். அவ்வாண்டிலேயே ஈட்டியெறியும் வீராங்கனை டானா என்னும் நங்கையை மணந்தார். இருவரும் பிறந்தது ஒரே ஆண்டில் ஒரே நாளில் என்பது வியப்பிற்குரியது.

1952இல் ஹெல்சிங்கி நகரத்து ஒலிம்பிக் விழாவே அவரது புகழின் சிகரம். ஆயினும் அதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை நாம் மறத்தலாகாது. யுங்விர்த் என்னும் தோழரின் தந்தை அரசியற் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிலிருந்தமையால், அத்தோழருக்கு இடமில்லையென அதிகாரிகள் விலக்கினர். அவரின்றித் தாமும் செல்வதில்லையென ஸாட்டோபெக் விமானமேற மறுத்தார். அக்கால அரசின் கடுமையை அறிந்தோர்க்கு இஃது எத்துணை ஆபத்தான செயலென்பது விளங்கும். முடிவில் அதிகாரிகளே இணங்கினர். இருவரும் ஹெல்சிங்கி சேர்ந்தனர். அங்கே 10,000 மீட்டரிலும், 5,000 மீட்டரிலும், அதற்குமுன் தாம் ஒருமுறையும் ஓடியறியாத மாரத்தானிலும், எட்டே நாட்களுக்குள் மூன்று தங்கப்பதக்கங்களை வென்றார். மாரத்தானை 2 மணி 23 நிமிஷம் 3.2 வினாடியில் முடித்தார். ஒரே ஒலிம்பிக் விழாவில் இம்மூன்றையும் வென்றவர் அவரன்றி வேறொருவர் இலர். அவர் 5,000 மீட்டரில் வென்ற அந்நாளிலேயே டானா அம்மையாரும் ஈட்டியெறிதலில் தங்கம் பெற்றார்.

1954இல் 10,000 மீட்டரை 29 நிமிஷத்திற்குள் ஓடிய முதல்வர் என்னும் பெருமையும் அவரை அடைந்தது. 1956இல் குடலிறக்கத்திற்குச் சிகிச்சை பெற்றுச் சில வாரங்களே கழிந்த நிலையில், மெல்போர்ன் மாரத்தானில் ஆறாமவராய் வந்தார். பலமுறை அவர்பின் இரண்டாமவராகவே ஓடிய பிரான்சு தேசத்து மிமூன் அன்று வென்று, எல்லைக்கோட்டருகே அவருக்காகக் காத்து நின்றார். தோற்ற ஸாட்டோபெக் அவரைத் தழுவி வாழ்த்தினார். பின்னர் 1966இல், உலக சாதனைகள் பல புரிந்தும் ஒலிம்பிக் தங்கம் பெறாத ஆஸ்திரேலியர் ரான் கிளார்க் பிராகு நகரம் வந்து திரும்புகையில், அவர் கையில் சிறு பொதியொன்றை வைத்து விடைகொடுத்தார். விமானத்திற் சென்றபின் பிரித்துப் பார்க்க, அது ஹெல்சிங்கியில் பெற்ற தங்கப்பதக்கங்களுள் ஒன்றாயிருந்தது!

1968இல் அந்நியப் படைகள் தம் நாட்டினுட் புகுந்தபோது, அவர் பொதுவிடத்தில் நின்று அதனைக் கண்டித்துப் பேசினார். அதன் பயனாக இராணுவப் பதவியை இழந்து, நாட்டுப்புறங்களில் நிலத்தைத் துளையிடும் கூட்டத்தாருடன் உடலுழைப்பு வேலை செய்து, மனைவியைப் பிரிந்து நெடுங்காலம் வாழ்ந்தார். 1971இல் தாம் முன் கூறியவற்றைத் தாமே மறுத்து அறிக்கை விடுத்தார். பழந்தோழர் சிலர் அதனால் மனம் வருந்தினர். இதனை மறைத்து எழுதுதல் சரிதமாகாது. மைதானத்தில் தளராதவரும் நெடுநாள் நெருக்கத்தில் தளர்தல் கூடும். அவரைக் குறைகூறுமுன், அந்நிலையில் நாம் எத்தனை நாள் நின்றிருப்போமென நம்மையே வினாவுதல் தகும். 1989இல் அவ்வாட்சி வீழ, அடுத்த ஆண்டு அவருக்கு இழைத்த அநீதிக்கு அரசு வருத்தம் தெரிவித்தது. 2000ஆம் ஆண்டு நவம்பர் மாதம், தமது 78ஆம் பிராயத்தில் அவர் காலமானார்.

நம் மாணவர் இச்சரிதத்தினின்றும் கொள்ளத்தக்கது யாது? நூறுமுறை ஓடுதலன்று, அது பன்னாட் பயிற்சியால் பழுத்தவர்க்கே உரியது. நான்கைந்து தோழர் ஒருங்கு கூடி, 400 மீட்டரை ஆறுமுறை விரைந்தோடி, இடையே நாடி அடங்குமளவும் மெல்ல நடந்து, மாதந்தோறும் ஒவ்வொன்றாகக் கூட்டுவாராயின் அதுவே போதும். ஆறாம் முறை கால் சோரும்போது அருகில் ஓடுபவனின் காலடியோசையே நம்மை இழுத்துச் செல்லும். அத்தோழனுக்கு இடமில்லையென்று ஒருவர் கூறும் நாளில் தாமும் ஓட மறுக்கும் துணிவு நம்மிடம் உண்டாகுமாயின், ஸாட்டோபெக்கின் பதக்கங்களினும் மேலானதொன்றை நாம் அவரிடமிருந்து பெற்றவராவோம்.