ஐந்து ஆண்டு காத்திருந்த காதலர்! தேவதாஸ் காந்தியின் வாழ்க்கை

காந்தி அடிகளுக்கு நான்கு மகன்கள். கடைசி மகனின் பெயர் தேவதாஸ்.

தேவதாஸ் என்றால், குடித்துக் குடித்தே உயிரை விட்ட சினிமாக் காதலன்தான் பலருக்கும் நினைவு வரும். இவர் வேறு தேவதாஸ்! இவரும் காதலித்தார். இவர் காதலுக்கும் தடை வந்தது. ஆனால், இவர் அழிந்து போகவில்லை. காத்திருந்தார்.

இவர் காதலித்த பெண், நம் தமிழ்நாட்டுப் பெண். ராஜாஜியின் மகள் லட்சுமி!

தந்தையே மருத்துவச்சி!

1900ம் ஆண்டு மே மாதம் 22ந் தேதி, தென் ஆப்பிரிக்காவில் உள்ள டர்பன் நகரில் தேவதாஸ் பிறந்தார். தாய் கஸ்தூரி பாய்க்குத் திடீர் என்று வலி கண்டுவிட்டது. டாக்டர் வரவில்லை. மருத்துவச்சியை அழைத்து வரவும் நேரம் இல்லை. காந்தியே பிரசவம் பார்த்தார். பிரசவம் பற்றிய புத்தகம் ஒன்றை முன்னதாகவே படித்து வைத்திருந்தார். அதனால் பயப்படவில்லை.

தேவதாஸ் 18 வயதில் சென்னைக்கு வந்தார். தமிழர்களுக்கு இந்தி கற்றுக் கொடுக்கக் காந்தி அவரை அனுப்பி வைத்தார். அது 1918ம் ஆண்டு. அப்போது லட்சுமி 6 வயதுச் சிறுமி.

நோயாளி அருகே மலர்ந்த காதல்

1927ல் காந்திக்கு உடல்நலம் கெட்டது. ரத்தக் கொதிப்பு. சுற்றுப்பயணம் நின்றது. நந்தி மலையிலும், பிறகு பெங்களூரிலும் தங்கி ஓய்வு எடுத்தார். ராஜாஜி உடன் இருந்தார். லட்சுமியும் வந்திருந்தார். தந்தைக்குப் பணிவிடை செய்யத் தேவதாஸும் வந்தார்.

அவருக்கு வயது 27. லட்சுமிக்கு 15.

லட்சுமி குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவர். திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ராஜாஜி 1925ல் தொடங்கிய ஆசிரமத்தில், ராட்டை நூற்று எளிமையாக வளர்ந்தவர்.

காதல் முதல் பார்வையில் வரும் என்பது கதைகளில். அடிக்கடி பார்ப்பதும், ஒரே இடத்தில் புழங்குவதும், ஒரே வேலையைச் சேர்ந்து செய்வதும்தான் பெரும்பாலும் இரண்டு மனங்களை நெருங்க வைக்கின்றன என்று மனநூல் அறிஞர்கள் கூறுகிறார்கள். இங்கே நடந்ததும் அதுதான். இருவருக்கும் பொதுவாக ஒரு நோயாளி. இருவருக்கும் பொதுவாக ஒரு கவலை. அன்பு மலர இதைவிட வேறு என்ன வேண்டும்?

சாதி குறுக்கே நின்றது

செய்தி இரண்டு தந்தையருக்கும் தெரிந்தது. இருவரும் உயிர் நண்பர்கள். ஆனாலும் தயங்கினார்கள்.

லட்சுமி அய்யங்கார் பெண். தேவதாஸ் குஜராத்தி பனியா. மொழி வேறு, சாதி வேறு. பிராமணப் பெண் வேறு வருணத்து ஆணை மணப்பது செல்லாது என்று கோர்ட்டுகளே கருதிய காலம் அது. சாதி விட்டுச் சாதி செய்யும் இந்துத் திருமணங்கள் எல்லாம் செல்லும் என்று சட்டம் வந்தது, 1949ல்தான்!

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டைத் தறிகளில் நெய்யும் முகூர்த்தப் புடவையை எடுக்க, இன்றும் குடும்பமே கூடிப் போகிறது. புடவைக்கே இத்தனை பேர் சம்மதம் வேண்டும் என்றால், மாப்பிள்ளைக்கு? அந்த நாளில் சொல்லவே வேண்டாம்!

தந்தையர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஐந்து ஆண்டு பிரிந்து இருக்க வேண்டும். சந்திக்கக் கூடாது. கடிதம் எழுதக் கூடாது. அதற்குப் பிறகும் மனம் மாறவில்லை என்றால், கல்யாணம்!

இந்த நிபந்தனை சரியா? 15 வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் வேண்டாம் என்றது மிகவும் சரி. பெண்ணுக்குக் குறைந்தது 14 வயது ஆக வேண்டும் என்ற சாரதா சட்டமே 1929ல்தான் வந்தது. அந்தக் காலத்தில் அப்படி நினைத்தது பெரிய விஷயம். ஆனால், கடிதம் கூடக் கூடாது என்றது கொடுமைதான்.

இருவரும் மீறவில்லை. ஓடிப் போகவும் இல்லை.

பிரிவு காதலை வளர்க்குமா?

1930ல் ராஜாஜி வேதாரண்யத்தில் உப்பு எடுத்துச் சிறை சென்றார். அதே ஆண்டு தேவதாஸும் சிறை சென்றார். தந்தையும் சிறையில், மணக்க நினைத்தவரும் சிறையில். லட்சுமியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! 1931ல் தேவதாஸ், காந்தியுடன் லண்டன் வட்டமேஜை மாநாட்டுக்குப் போய் வந்தார்.

பிரிவுக்கு என்றே பாலைத் திணையை ஒதுக்கியவர்கள் தமிழர்கள். பிரிவு காதலை வளர்க்கிறதா, கொல்கிறதா? பெற்றோர் தடுக்கத் தடுக்கக் காதல் வளரும் என்று அமெரிக்க அறிஞர்கள் 1972ல் எழுதினார்கள். 2014ல் வேறு சிலர் திரும்ப ஆராய்ந்தார்கள். அப்படி இல்லை, உற்றார் ஆதரவு இருந்தால்தான் காதல் உறுதிப்படுகிறது என்று தெரிந்தது.

அப்படியானால் இவர்கள் காதல் எப்படி நிலைத்தது? தந்தையர் கதவை அடைக்கவில்லை. ஐந்து ஆண்டுக்குப் பிறகு திறக்கும் என்று சொன்னார்கள். நாள் குறித்த பிரிவு வேறு. நம்பிக்கை இல்லாத பிரிவு வேறு.

தேவதாஸின் அண்ணன் மணிலாலுக்கு அந்தக் கதவு கூடத் திறக்கவில்லை. அவர் தென் ஆப்பிரிக்காவில் ஒரு முஸ்லிம் பெண்ணை மணக்க விரும்பினார். 1926ல் காந்தி மறுத்துவிட்டார். மறு ஆண்டே வேறு பெண்ணைப் பார்த்து மணம் முடித்தார். தம்பிக்குக் காட்டிய பொறுமையை அண்ணனுக்குக் காட்டவில்லையே என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

பூனாவில் திருமணம்

ஐந்து ஆண்டு முடிந்தது. இரு மனமும் மாறவில்லை. தந்தையர் வாக்கைக் காப்பாற்றினார்கள்.

1933 ஜூன் 16ந் தேதி பூனாவில், தாக்கர்சி அம்மையாரின் பர்ணகுடி மாளிகையில் திருமணம் நடந்தது. 21 நாள் உண்ணாவிரதத்தைக் காந்தி மே 29ந் தேதிதான் முடித்திருந்தார். உடம்பில் வலு இல்லை. அந்த நிலையிலும் மணமக்களை வாழ்த்தினார். மணமகனுக்கு வயது 33. மணமகளுக்கு 21.

பின்னர் அவர்கள் டில்லியில் குடித்தனம் செய்தார்கள். தேவதாஸ் 1937ல் "இந்துஸ்தான் டைம்ஸ்" பத்திரிகையின் நிர்வாக ஆசிரியர் ஆனார். கடைசி வரை அந்தப் பதவியில் இருந்தார். தாரா, ராஜ்மோகன், ராமச்சந்திரன், கோபாலகிருஷ்ணன் என்று நான்கு குழந்தைகள். கடைசி மகன் கோபாலகிருஷ்ணன் பிற்காலத்தில் மேற்கு வங்காள கவர்னராக இருந்தார்.

1944ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் தாய் கஸ்தூரி பாய் உயிருக்குப் போராடியபோது, புது மருந்தான பென்சிலினைத் தேடி வரவழைத்தவர் தேவதாஸ். ஊசி போட்டு வருத்த வேண்டாம் என்று காந்தி தடுத்துவிட்டார். பிப்ரவரி 22ந் தேதி தாய் இறந்தார். சிதைக்குத் தீ மூட்டியவர் இந்தக் கடைசி மகன்தான்.

1957 ஆகஸ்டு 3ந் தேதி தேவதாஸ் பம்பாயில் காலமானார். வயது 57. மணவாழ்க்கை 24 ஆண்டு. மாமனார் ராஜாஜி அப்போது 78 வயது முதியவர். மருமகன் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பிறகு, 1972 டிசம்பர் 25ந் தேதி அவர் சென்னையில் கண் மூடினார்.