பையன் வேடத்தில் பாடிய பெண்

ஒரு கிராமத்துச் சிறுமி. குரலோ தேன். ஆனால், பெண் பிள்ளை பாடினால் ஊரார் என்ன சொல்வார்களோ என்று தந்தை அஞ்சினார். மகளுக்குப் பையன் உடை மாட்டிப் பாட வைத்தார்.

பிற்காலத்தில் அரபு நாடுகளையே தன் குரலால் ஆண்ட உம்மு குல்தூம்தான் அந்தச் சிறுமி.

இமாமின் மகள்

எகிப்து நாட்டில், நைல் நதி கடலில் கலக்கும் செழிப்பான பகுதியில் இருக்கிறது தமாய் அஸ்-ஸஹாயிரா என்ற சிற்றூர். இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் வேளையில் உம்மு குல்தூம் அங்கே பிறந்தாள். அது நபிகள் நாயகத்தின் புதல்வியரில் ஒருவருடைய பெயர்.

தந்தை இப்ராகிம் ஊர்ப் பள்ளிவாசலின் இமாம். தொழுகையை முன்நின்று நடத்துபவர். சம்பளம் சொற்பம். கல்யாண வீடுகளில் பக்திப் பாடல்கள் பாடிக் குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்முடன் சேர்ந்து பாட, மகன் காலிதுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தார்.

அண்ணன் படித்த பாட்டைத் தங்கையும் கேட்டாள். கேட்டதை அப்படியே பாடினாள். தந்தை அசந்து போனார். அவளுக்கும் பாடம் தொடங்கியது.

ஓதும் பள்ளிக்கும் அவள் போனாள். குர்ஆன் ஓதுவதற்கு முறை உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் தெளிவாக ஒலிக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, எங்கே நீட்டுவது என்பதற்கும் விதி உண்டு. அந்தப் பயிற்சிதான் பின்னாளில் அவள் பாட்டுக்கு அஸ்திவாரம் ஆயிற்று.

மறைந்திருந்த பெண்

அந்தக் காலத்தில், அன்னிய ஆண்கள் முன் ஒரு பெண் பணத்துக்காகப் பாடுவது கேவலம் என்று கருதினார்கள். பாடுபவள் இமாமின் மகள் என்றால் கேட்கவா வேண்டும்?

ஆனால் குடும்பத்தில் வறுமை. மகளின் குரலுக்கோ ஊர் ஊராக அழைப்பு வந்தது. தந்தை ஒரு வழி கண்டுபிடித்தார். நீண்ட மேலங்கி, தலையில் துணி, அதைச் சுற்றிக் கயிறு. பார்த்தால் பாலைவனத்து அரபுப் பையன்!

நடந்தும், கழுதை மேலும் ஊர் ஊராகப் போனார்கள். அவள் பருவம் அடைந்த பிறகும் அந்த உடை மாறவில்லை. குரல் வெளியே வந்தது. பெண் மட்டும் உள்ளேயே இருந்தாள்.

கெய்ரோவில் புது வாழ்வு

1923-ம் ஆண்டு வாக்கில் குடும்பம் தலைநகர் கெய்ரோவில் குடியேறியது. அதே 1923-ல்தான், ஹுதா ஷஅராவி என்ற பெண்மணி கெய்ரோ ரெயில் நிலையத்தில் தன் முகத்திரையை விலக்கி, நாட்டையே திடுக்கிட வைத்தார். பெண் எப்படி உடுத்த வேண்டும் என்பது வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த நேரம்.

பட்டணத்து மேடைகளில் பகட்டான பாடகிகள் கொடிகட்டிப் பறந்தார்கள். அவர்கள் நடுவே பட்டிக்காட்டுப் பையன் உடையில் நின்றார் உம்மு குல்தூம். கேலி பேசினார்கள். பத்திரிகைகளில் வம்பும் வந்தது.

அவர் கலங்கி ஓடவில்லை. கற்றுக்கொண்டார். அபுல் இலா முகம்மது என்ற பெரிய பாடகர் சங்கீதம் கற்றுக் கொடுத்தார். அகமது ராமி என்ற கவிஞர் கவிதைச் சுவையை ஊட்டினார்.

1926-ம் ஆண்டு வாக்கில் அந்த மாற்றம் வந்தது. பையன் அங்கியை உம்மு குல்தூம் கழற்றினார். பெண்ணாகவே மேடை ஏறினார். கூடப் பாடிய தந்தையும் அண்ணனும் விலக, தேர்ந்த வாத்தியக்காரர்கள் பின்னால் அமர்ந்தார்கள்.

அதற்காக மற்றப் பாடகிகளைப் போலவும் அவர் ஆகிவிடவில்லை. நீண்ட கவுன், அள்ளி முடிந்த கூந்தல், திரையில்லாத முகம், கையில் ஒரு கைக்குட்டை. பெண் என்பதை மறைக்கவும் இல்லை. அதைக் காட்டிக் கைதட்டல் வாங்கவும் இல்லை. ஊருக்காகவும் அல்ல, நாகரிகத்துக்காகவும் அல்ல. தனக்குப் பொருந்தியதைத் தானே தேர்ந்துகொண்டார்.

வியாழக்கிழமை இரவு

1934-ல் எகிப்து ரேடியோ தொடங்கியது. 1937 முதல் அவருடைய கச்சேரிகளை நேரடியாக ஒலிபரப்பினார்கள். மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு என்றால் தெருக்கள் வெறிச்சோடும். ரேடியோ உள்ள கடைகளில் கூட்டம் நெரியும். ஒரே பாட்டு ஒரு மணி நேரத்துக்கு மேலும் போகும்!

1940-களில் தைராய்டு நோய் அவரைப் பிடித்தது. கண்களும் பாதிக்கப்பட்டன. வெளிச்சம் கூசியது. ஆனாலும் மேடையை விடவில்லை. கறுப்புக் கண்ணாடி அணிந்து பாடினார். நாளடைவில் அதுவே அவர் அடையாளம் ஆகிவிட்டது.

காதல் பாட்டுப் பாடிய அதே குரல், நபிகள் நாயகத்தைப் போற்றும் கவிதைகளையும் பாடியது. பையன் அங்கியோடு பக்தி போய்விடவில்லை. 1967 போரில் எகிப்து தோற்றதும், ஊர் ஊராகக் கச்சேரி செய்து, வசூலை நாட்டுக்குக் கொடுத்தார். பாரிஸ் நகரிலும் பாடினார்.

தோளில் சுமந்த மக்கள்

1975 பிப்ரவரி 3-ந் தேதி உம்மு குல்தூம் காலமானார். இறுதி ஊர்வலத்தில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டார்கள். சவப்பெட்டியைத் தாங்களே வாங்கித் தோள் மாற்றித் தோள் சுமந்தார்கள்.

2001-ல் கெய்ரோவில் அவருக்கு ஒரு நினைவுக் காட்சிசாலை திறக்கப்பட்டது. அவருடைய மேடை உடைகளையும், கைக்குட்டையையும், கறுப்புக் கண்ணாடியையும் அங்கே வைத்தார்கள். அந்த மேடை உடைகள் அவரே விரும்பித் தேர்ந்துகொண்டவை.